பந்தும் படப்புள்ளியும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் மன்றத்து நண்பர்களுக்கும் ஜோகுபாளையத்துப் பையன்களுக்கும் ஒரு கால்பந்து ஆட்டம் நடந்தது. நம்மவர் எத்தனை கோலில் தோற்றார்கள் என்று எழுதினால் இதழாசிரியர் அந்த வரியை அடித்துவிடுவார். ஆதலால் அதை நானே விட்டுவிடுகிறேன். படம் எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. இரவல் கேமராவில் நானூறு படங்களுக்குமேல் எடுத்து, நாற்பதைப் பொறுக்கி, அன்றிரவே மன்றத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். கேமராவிலிருந்து வந்தபடியே, ஒன்றும் செய்யாமல் ஏற்றினேன்.

ஒரு மணி நேரத்தில் முறையீடுகள் வரத் தொடங்கின. பையன்களின் வீடுகளில் இருப்பவை பழைய கைப்பேசிகள். படம் பாதி திறந்து நின்றுவிடுகிறது என்றார்கள். அன்றைய நாளின் இணைய அளவே தீர்ந்துவிட்டது என்றார் ஒரு தாய். வெட்கம் வந்தது. நள்ளிரவில் உட்கார்ந்து நாற்பது படங்களையும் சுருக்கி மறுபடி ஏற்றினேன். பக்கம் பளிச்சென்று திறந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நாற்பதில் ஒன்று எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எதிரணிக் கோல்கீப்பர், பதினைந்து வயதுப் பையன், இடப்பக்கம் உடல் முழுவதும் நீட்டித் தாவி, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிடுகிற காட்சி. ஒரு வாரம் கழித்து அவன் தந்தை என் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். "தம்பி, இதைக் காலண்டர் சைஸுக்குப் பெரிசாப் போட்டுக் குடுங்க. செலவு என்ன ஆனாலும் நான் தந்துடறேன்" என்றார். "அதுக்கென்னண்ணா, நாளைக்கே போட்டுடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கணினியைத் திறந்தேன். படம் இருந்தது, ஆனால் சின்னப் படமாக இருந்தது. நள்ளிரவு அவசரத்தில், சுருக்கிய படத்தைப் பழைய பெயரிலேயே சேமித்து, மூலப் படத்தை நானே அழித்திருக்கிறேன்! கேமராவும் அதன் அட்டையும் உடையவரிடம் போய்ச் சேர்ந்து, அட்டையில் வேறு படங்கள் நிரம்பிவிட்டன.

என்ன நடந்தது என்று இயற்பியல் முறையில் விளக்க என்னால் முடியும். அந்தத் தந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இவ்வாண்டு படம் ஏற்றும் பொறுப்பு வேறொரு நண்பரின் கைக்குப் போகிறது. அவருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணினியில் உள்ள படமும் வரிசை வரிசையாக வைத்த புள்ளிகள்தாம். பிக்சல் என்கிறார்களே, அதுதான் இந்தப் படப்புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. நான் பயன்படுத்திய கேமரா அகலத்தில் 6000 புள்ளியும் உயரத்தில் 4000 புள்ளியும் வைக்கும். பெருக்கிப் பார்த்தால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். பக்கத்துக்காக நான் சுருக்கிய அளவு 1200-க்கு 800. அதாவது 9 லட்சத்து 60 ஆயிரம். இருபத்தைந்து புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரு புள்ளிதான் மிச்சம். இருபத்தைந்து பேர் சொன்ன சாட்சியத்தை ஒருவர் சுருக்கிச் சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருவரிடமிருந்து மற்ற இருபத்துநால்வர் சொன்னதை மீட்க முடியுமா? சராசரி தெரிந்தால் சராசரி மட்டுமே தெரியும்.

இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு படத்தைப் பெரிதாக்கித் தரும் என்கிறார்கள். முயன்று பார்த்தேன். கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாக வரைந்து தந்தது. நல்ல லட்சணமான முகம்தான். ஆனால் அது அந்தப் பையனுடைய முகம் அன்று. பெற்ற தகப்பனிடம் வேறொரு பிள்ளையின் முகத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காலண்டர் அளவு என்றால் 18 அங்குல அகலம் என்று கொள்வோம். மூலப் படம் இருந்திருந்தால் அங்குலத்துக்கு 333 புள்ளிகள் கிடைத்திருக்கும். கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் மிக நன்று, சுவரில் மாட்டுவதற்கு 150 இருந்தாலும் போதும். என்னிடம் மிஞ்சியதோ அங்குலத்துக்கு 66. முகம் சதுரம் சதுரமாகத் தெரியும். இங்கே ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'இணையத்தில் போடும் படம் அங்குலத்துக்கு 72 புள்ளி இருக்கவேண்டும்' என்று ஒரு விதி வாய்வழியாக வழங்கி வருகிறது. அது அச்சகத்துக்குச் சொல்லும் குறிப்பே தவிர, திரைக்கு அதனால் ஒரு பொருளும் இல்லை. 1200 புள்ளி அகலமுள்ள படத்தில் அந்த எண்ணை 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் திரையில் அதே 1200 புள்ளிகள்தாம்.

அப்படியானால் சுருக்கவே வேண்டாமா? வேண்டும். மூலப் படம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மெகாபைட். நாற்பதுக்கு 400 மெகாபைட். கைப்பேசித் திரையின் அகலமே பெரும்பாலும் 720 அல்லது 1080 புள்ளி. 6000 புள்ளியை அனுப்பினால் கைப்பேசி தானே அவற்றைச் சுருக்கித்தான் காட்டும். அனுப்பிய செலவும், பெற்றவரின் பணமும் வீண். 1200 புள்ளிப் படம் 250 கிலோபைட் அளவில் அடங்கிவிடும். நாற்பதும் சேர்ந்து 10 மெகாபைட். ஆகவே சுருக்கியதில் பிழை இல்லை. மூலத்தின் தலையில் கைவைத்ததுதான் பிழை. இப்போது என் கணினியில் 'மூலம்' என்று ஓர் உறை, 'பக்கம்' என்று ஓர் உறை. முதலாவதைப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்துவதில்லை.

இனி, சுருக்குமுன் செய்யவேண்டியது வெட்டுதல். இதன் அருமை எனக்கு நெடுநாள் தெரியவில்லை. கால்பந்து மைதானம் பெரிது, ஆட்டக்காரர் சிறியர். கோட்டருகே நின்று எடுத்த படத்தில் ஒரு பையனின் முகம் 100 புள்ளி உயரம் இருக்கும். முழுப் படத்தையும் ஐந்தில் ஒன்றாகச் சுருக்கினால் முகம் 20 புள்ளியாகிவிடும். கண் எது, வாய் எது என்று தெரியாது. அதே படத்தில் ஆட்டம் நடக்கும் பகுதியை மட்டும், 3000-க்கு 2000 என்று முதலில் வெட்டிக்கொண்டு, பிறகு 1200-க்கு 800 ஆகச் சுருக்குங்கள். முகம் 40 புள்ளி கிடைக்கும். அம்மா அடையாளம் கண்டுகொள்வாள். இரண்டுக்கும் கைப்பேசியில் ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். யாருடைய படம் என்று தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் இடையே இருப்பது, வெட்டுவதை முன்னே செய்தோமா இல்லையா என்ற ஒன்றே.

எங்கே வெட்டுவது? பந்து போகும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விடவேண்டும். ஓடுகிறவன் சட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கக்கூடாது. மூட்டில் வெட்டக்கூடாது, முழங்காலோடு வெட்டினால் நொண்டிபோலத் தெரியும். முக்கியமாகப் பாதத்தை வெட்டக்கூடாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊர்க் கால்பந்தின் கதையே பாதத்தில் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். மைசூர் அணியில் ஆடி வந்த சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகள் வீணாகி, 2-1 என்று தோற்றோம். பெங்களூரில் பிறந்த அகமது கான் அந்த அணியிலும் இருந்தார், 1952-இல் ஹெல்சிங்கி சென்ற அணியிலும் இருந்தார். அந்த ஆட்டத்தின் படம் ஒன்றை யாராவது அழகு கருதி முழங்காலோடு வெட்டிவிட்டால், பதினொரு பேர் பந்து விளையாடினார்கள் என்பது மட்டுமே மிஞ்சும். ஜோகுபாளையத்துப் பையன்களில் சிலர் இன்றும் வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள். அது விருப்பமா, பூட்ஸ் இல்லாமையா என்பதைப் படம் பார்ப்பவர் கேட்கட்டும். கேட்பதற்குப் பாதம் படத்தில் இருக்கவேண்டும்.

படத்தைச் சதுரமாகவோ செங்குத்தாகவோ கேட்கும் இடங்கள் உண்டு. செங்குத்துப் படத்துக்கு 1080-க்கு 1350 வழக்கமான அளவு. தலையால் முட்டும் காட்சிக்கு அது பொருந்தும். தாவும் கோல்கீப்பரை அதில் அடைக்க முயன்றால் ஒன்று கை போகும், அல்லது பந்து போகும். அடைக்காதீர்கள். அகலத்தை மட்டும் நசுக்கி அடைக்கும் கொடுமையையும் சிலர் செய்கிறார்கள். ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒட்டடைக்கோல் போல ஆகிவிடுகிறார்கள். விகிதம் கெட்டிருக்கிறதா என்று ஐயம் வந்தால் பந்தைப் பாருங்கள். பந்து உருண்டையாக இருந்தால் படம் சரி. முட்டையாக இருந்தால் தவறு. (வேகமாகப் போகும் பந்தைச் சில கைப்பேசிகள் எடுக்கும்போதே முட்டையாக்கிவிடும், உணரியை வரி வரியாகப் படிப்பதால் வரும் கோளாறு அது. அப்போது நின்றுகொண்டிருக்கும் ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம்.) கோல் கம்பம் நேராக நிற்கிறதா என்பதையும் இதே சமயத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சுருக்கும் முறையிலும் நுட்பம் உண்டு. ஐந்து புள்ளிக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவது ஒரு முறை. விரைவானது; ஆனால் கோல் வலையைப் பாருங்கள்! வலையின் நூல் இரண்டு மூன்று புள்ளி அகலம்தான் இருக்கும். சில இடத்தில் நூல் அகப்படும், சில இடத்தில் தப்பிவிடும். இல்லாத வளைகோடுகள் அலை அலையாகத் தோன்றும். கோடு போட்ட பனியனிலும் இப்படியே. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒரே குடும்பம். மாதிரி எடுக்கும் இடைவெளி, எடுக்கப்படும் பொருளின் நெருக்கத்துக்குப் போதாவிட்டால் பொய் உருவம் பிறக்கும். இதைத் தவிர்க்க, சுற்றியுள்ள புள்ளிகளைக் கலந்து சராசரி காணும் முறைகள் இருக்கின்றன. மென்பொருளில் பைகியூபிக் என்றோ லான்சோஸ் என்றோ பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சராசரி காண்பதால் படம் சற்று மந்தமாகும். எனவே சுருக்கி முடித்தபின் இலேசாகக் கூர்மையேற்றவேண்டும். அதிகமாக ஏற்றினால் ஆளைச் சுற்றி வெள்ளை விளிம்பு தோன்றி, தெருக்கூத்தில் விளக்குமுன் நிற்பவர்போல் ஆகிவிடுவார்.

நிறத்தைப் பற்றிச் சிறிது. எங்கள் பக்கத்து மைதானத்தில் செம்மண். ஆட்டம் சூடு பிடித்தால் புழுதி சிவப்பாக எழும்பும். கேமரா தானாக நிறத்தைச் சமன் செய்யும்போது, இவ்வளவு சிவப்பு இருக்கக்கூடாது என்று எண்ணி நீலத்தைக் கூட்டிவிடுவது உண்டு. புழுதி சாம்பலாகும், பையன்கள் நோயாளிகள் ஆவார்கள். வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டு, 'இதுவே வெள்ளை' என்று மென்பொருளுக்குச் சொன்னால் செம்மண் திரும்பி வரும். உச்சி வெயிலில் முகம் நிழலாகிக் கறுத்துப்போனால் நிழல் பகுதியை மட்டும் சற்று ஏற்றுங்கள். ஆனால் ஒன்று: முகத்தை வெளுப்பாக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். சென்ற ஆண்டுப் படங்களில் ஒன்றுக்கு ஒரு நண்பர் அப்படிச் செய்து காட்டினார். மாநிறப் பையன் ஒருவன் அதைப் பார்த்து, "இது நான் இல்லையே அண்ணா" என்றான். வெயிலில் கறுத்த முகத்தை வெளுத்துக் காட்டுவது அலங்காரம் இல்லை, அவமதிப்பு என்பது என் கருத்து.

இறுதியாகச் சேமிப்பு. இங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். 1200-க்கு 800 புள்ளி, புள்ளிக்கு மூன்று எண் என்று அப்படியே எழுதினால் 28 லட்சத்து 80 ஆயிரம் பைட் ஆகும். அதை இரண்டரை லட்சமாக அடக்குவது ஜேபெக் என்ற முறை. 1992-இல் தரமாக வகுக்கப்பட்டது. அதன் இதயமாக இருக்கும் கணக்கைக் கண்டவர் நசீர் அகமது. 1940-இல் பெங்களூரில் பிறந்தவர். கே. ஆர். சர்க்கிளை நாம் பஸ்ஸில் கடக்கும்போது தென்படுகிறதே விசுவேசுவரய்யா பொறியியற் கல்லூரி, அங்கே படித்து 1961-இல் பட்டம் பெற்றார். அமெரிக்கா சென்று முனைவராகி, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1972-இல், இக்கணக்கை ஆராயப் பொருளுதவி கேட்டு அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. கருத்து மிக எளிதாக இருக்கிறதாம்! அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற இருவரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். இன்று நம் கைப்பேசியில் திறக்கும் ஜேபெக் படம் ஒவ்வொன்றும் அந்த 'எளிய' கருத்தின்மேல் நிற்கிறது.

கருத்து இதுதான். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளியுள்ள கட்டங்களாகப் பிரிக்கவேண்டும். ஒரு கட்டத்தில் 64 எண்கள். அவற்றை அப்படியே எழுதாமல், 64 வகை அலைகளின் கூட்டாக எழுதவேண்டும். வீணைத் தந்தியின் ஒலியை அடிப்படைச் சுரமும் அதன் மேல்சுரங்களுமாகப் பிரிப்பதைப் போல. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தவை பரந்த அலைகள். கடைசியில் உள்ளவை மிக நுண்ணிய சிற்றலைகள். சிற்றலைகளில் நம் கண்ணுக்கு அவ்வளவு கூர்மை இல்லை. ஆகவே அவற்றின் எண்களை முரட்டுத்தனமாக முழுமையாக்கினால் பல சுழியாகிவிடும். சுழிகளை எழுத இடமே வேண்டாம். நிறத்திலும் கண் மந்தம். அதனால் நிற எண்களைப் பெரும்பாலும் முன்பே பாதிப் புள்ளியாகக் குறைத்துவிடுகிறார்கள்.

வானத்துக் கட்டத்தில் சிற்றலை இல்லை. அது சுலபமாக அடங்கும். புல், வலை, கூட்டம் ஆகியவற்றில் சிற்றலை மிகுதி, அடங்காது. அதனால்தான் ஒரே அளவுள்ள இரண்டு படங்களில் ஒன்று 150 கிலோபைட், மற்றொன்று 300 என்று வருகிறது. தர எண்ணை 80-க்குப் பக்கத்தில் வைத்தால் விளையாட்டுப் படத்துக்குப் போதுமானது. 40, 30 என்று இறக்கினால் பனியன் எண்ணைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் புள்ளிகள் தோன்றும். கட்டங்களின் ஓரம் தெரியும். ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் மறுபடி இழப்பு உண்டாகும். வெட்டுதல், சுருக்குதல், நிறம் எல்லாம் முடித்து ஒரே ஒரு முறை சேமிக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலும் படம் சுருங்கும். மூலம் வேண்டுமானால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஏற்றுமுன் இன்னொரு சோதனை. கைப்பேசியில் எடுத்த படத்தில், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பல சமயம் உள்ளே பதிந்திருக்கும். வீட்டு வாசலில் நின்ற பையனின் படத்தோடு அவன் வீட்டு வழியும் ஊருக்குத் தெரியவேண்டுமா? சேமிக்கும்போதே அதை நீக்கிவிடலாம். 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. சட்டம் கிடக்கட்டும், பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? இந்த ஆண்டு ஆட்டத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டேன். கேட்கப் போன இடத்தில் நான்கு வீட்டில் காப்பி கிடைத்தது.

கோல்கீப்பர் பையனின் படத்துக்கு வருகிறேன். 1200 புள்ளியை 6 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 200 கிடைக்கும். முகம் முகமாகவே இருக்கும். அப்படி அச்சிட்டுச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போய், என் தவற்றையும் சொன்னேன். அவர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "விரல் பந்துமேல பட்டிருக்குது பாருங்க, தம்பி" என்றார். காலண்டர் மாட்டுவதற்கு அடித்திருந்த ஆணியில் அதை மாட்டினார். ஆணிக்கு அது மிகச் சிறியதாகத்தான் இருந்தது. பையன் மட்டும் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.